கட்டியக்காரன் கேட்ட கேள்வி

செய்யாறு பக்கம்,
கார்த்திகை, மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மழைக்காக விட்ட விடுமுறைகளை ஈடுகட்ட சனிக்கிழமைகளிலும் பள்ளி வைத்துவிட்டார்கள், அதனால்தான் தாமதம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டான், என் பேச்சு அவன் காதில் ஏறுவதே இல்லை. இவருக்கு ஆரணிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெளியிலிருந்து ஒரு கலைஞரைக் கூட்டி வந்தால் வகுப்பில் பாடம் நடக்குமா, வேடிக்கைதான் நடக்குமா என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் வேடிக்கைதான் என்று எழுதியிருப்பேன். அந்த வருடம் ஒரு குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. மைக் கட்டி ஒரு மணி நேரம் ஆடிப் பாடினார்கள். பிள்ளைகளுக்குக் கைதட்டிக் கை சிவந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை வகுப்புக்குப் போய் "நேத்து என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு டீச்சர்." அதற்குமேல் ஒரு வார்த்தை யாரிடமும் இல்லை. ஆடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் நாங்கள் ஒன்றுமே வைக்கவில்லை. தவறு எங்கள் பக்கம்.

இந்த வருடம் அப்படி விடக்கூடாது என்று நினைத்தேன். எங்கள் ஊருக்கு ஆறு கிலோமீட்டரில் ஒரு கூத்து வாத்தியார் இருக்கிறார். சொந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்து நாற்பது வருடமாக ஆடுகிறவர். பங்குனி பிறந்தால் ஆவணி வரைக்கும் ஊர் ஊராகத் திருவிழா, பாரதம், கூத்து. ஐப்பசி கார்த்திகையில் வேலை இருக்காது, கிடைத்த கூலிக்குப் போவார். அந்த மாதங்களில்தான் அவரைக் கேட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு வாரம், ஏழாம் வகுப்போடு மட்டும். "ஆடிக் காட்டணுமா?" என்று கேட்டார். "வேண்டாம் ஐயா, புள்ளைங்களோட உட்காரணும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு நாலாவது வரைக்குந்தாம்மா படிப்பு" என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

முதல் நாள் நாற்காலி போட்டோம். அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கைத்தாளத்தை எடுத்து ஒரு விருத்தத்தின் முதல் வரியைப் பாடினார். பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். பாதிப் பேர் சொல்லை விழுங்கினார்கள், இரண்டு பேர் ழகரத்தை யகரமாக்கினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதே வரியைத் திரும்பப் பாடினார், அதே நிதானம், அதே முகம். அவர்களும் பாடினார்கள். ஏழெட்டுத் தடவை. கடைசியில் ழகரத்தைத் தவறவிட்ட பையன் தானாகவே நிறுத்தி, பக்கத்தில் இருந்தவன் வாயை உற்றுப் பார்த்து, நாக்கை மடித்துப் பார்த்துக்கொண்டான். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வாரத்தில் ஒருநாள்கூட அந்த மனிதர் வாயிலிருந்து "தப்பு" என்ற சொல் வரவில்லை. கூத்தில் காதால் கேட்டுத்தான் எல்லாம் படிய வேண்டும், தப்பென்று சொன்னால் பையன் காதை மூடிக்கொள்வான் என்று பிற்பாடு சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து திருத்தக் கிடந்த நோட்டுகளைப் பிரித்தேன். ஒரே பக்கத்தில் பதினேழு இடத்தில் நானே சிவப்பு மையில் சுழித்திருந்தேன்.

மிருதங்கக்காரரையும் ஒரு புதன்கிழமை கூட்டி வந்தார். அது கணக்குப் பாட நேரம். நீ கணக்கு டீச்சர், இதைக் கட்டாயம் கேள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு "தகிட", மறு பாதிக்கு "தகதிமி" என்று கொடுத்தார். ஒருவர் மூன்று மூன்றாக, மற்றவர் நான்கு நான்காக. ஒவ்வொரு சுற்றின் முதல் எழுத்துக்கும் ஓங்கித் தட்டவேண்டும். ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் ஒரே களேபரம், பிறகு ஒரு தட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்தது. மறுபடி பிரிந்து மறுபடி விழுந்தது. கரும்பலகையில் எண்ணி எழுதினோம். பன்னிரண்டு. பதினான்கு வருடமாக மீச்சிறு பொது மடங்கை ஏணி போட்டு வகுத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகளும் போட்டார்கள். எதற்காகப் போடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அது கைகளில் விழுந்து கேட்டதில்லை. அதோடு விடவில்லை. ஒருத்தி எழுந்து, "அஞ்சும் ஏழும் வச்சா டீச்சர்?" என்றாள். "முப்பத்தஞ்சு" என்று வாயால் சொல்லிவிட்டார்கள், தட்டும்போதுதான் வந்தது வினை. "தகதகிட" ஒரு பக்கம், "தகிட தகதிமி" மறு பக்கம். இரண்டு தடவை சிதறிப்போனது. மூன்றாவது தடவை முப்பத்தைந்து அட்சரம் முடிந்து முப்பத்தாறில் எல்லாக் கையும் சேர்ந்து விழுந்தபோது பக்கத்து வகுப்பு டீச்சர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது கட்டியக்காரனைப் பற்றி, கூத்தில் கோமாளியாகவும் கதையை நடத்துகிறவனாகவும் வருபவன். கூத்தில் எந்த வேஷமும் சும்மா வந்து நிற்காது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகுதான் சபைக்கு வரும். வந்தவுடன் கட்டியக்காரன் மடக்குவான்: நீ யார், எந்த ஊர், யார் பிள்ளை, இங்கே வந்த காரியம் என்ன? துரியோதனனே ஆனாலும் பதில் சொல்லாமல் நகர முடியாது. சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள்தான் நான், இதற்குள் ஒரு பாடம் நடத்தும் முறை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வாத்தியாருக்குத் தோன்றியது. "பாடப் புத்தகத்துல என்ன இருக்கு, படிங்க" என்றார். நீர்வளப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். "சரி, நம்ம ஏரிய வேஷம் கட்டி உள்ள கூப்பிடுவோம்" என்றார்.

திரைக்குப் பதில் என் பழைய போர்வை. அதன் பின்னால் ஏரியாக ஒரு பெண். கட்டியக்காரனாக வகுப்பிலேயே வாய்த் துடுக்கான பையன். "யாரம்மா நீ?" "ஏரி." "உனக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" அவள் விழித்தாள். "உனக்கு எத்தனை மதகு?" தெரியாது. "நிறைஞ்சா எங்க போற?" தெரியாது. தினமும் அந்த ஏரிக்கரை மேலேதான் நடந்து பள்ளிக்கு வருகிறாள். வகுப்பு மொத்தமும் அமைதியாகிவிட்டது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கும் தெரியாது. வாத்தியார் போர்வையை மடித்து வைத்தார். "பதில் தெரியாத வேஷம் சபைக்கு வரக்கூடாது. போய்த் தெரிஞ்சிக்கிட்டு வாங்க."

அடுத்த ஐந்து நாள் பிள்ளைகள் ஊரையே குடைந்துவிட்டார்கள். ஒரு பையனின் தாத்தா அந்தக் காலத்து நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று பார்த்தவர். வீட்டுத் திண்ணையில் சும்மா படுத்துக் கிடந்த அவரைச் சுற்றி இருபது பிள்ளைகள். மதகு மூன்று, அதில் ஒன்று தூர்ந்துபோய் முள் மண்டிக் கிடக்கிறது. வரத்துக்கால்வாய் எந்தக் கொல்லை ஓரமாக வருகிறது, கலங்கல் வழிந்தால் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்கு எப்படிப் போகிறது, எல்லாம் சொன்னார். குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினாராம், பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எடுத்து வந்தார்கள். நான் இத்தனை வருடம் கரும்பலகையில் போட்ட எந்த வரைபடமும் அப்படி இல்லை. மறுவாரம் ஏரி சபைக்கு வந்தபோது கட்டியக்காரன் கேள்வி கேட்டு ஓய்ந்துபோனான், அவள் ஓயவில்லை. மூன்றாவது மதகைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் நிறுத்தி, "அத மூடிட்டாங்க, எனக்கு அந்தப் பக்கம் வலிக்குது" என்றாள். அது யாரும் எழுதிக்கொடுத்த வசனம் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. ஏரிக்கும் கட்டை கட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கட்டை என்றால் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகள். அதெல்லாம் வீரவேஷத்துக்கு உரியது, ஆண்பிள்ளைகள் கட்டுவது. வாத்தியார் தயங்கினார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நான் குறுக்கே பேசவில்லை. ராத்திரி யோசித்திருக்கிறார் போல. மறுநாள் அவரே சொன்னார்: காஞ்சிபுரம் பக்கம் புஞ்சை அரசந்தாங்கலில் ராஜகோபால் வாத்தியாரின் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடியதைப் பார்த்திருக்கிறாராம். 2002-ல் தொடங்கிய குருகுலம் அது. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரைக்குக் கீழ். 2020-ல் மூடிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். "அங்க கட்டும்போது இங்க கட்டக்கூடாதா" என்று சொல்லித் தன் பழைய புஜக்கட்டையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியது. பார்க்கக் கனமாகத் தெரியும், கையில் வாங்கினால் காற்று மாதிரி. ஏன் இந்த மரம், தேக்கில் செய்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். "தேக்கைத் தோள்ல கட்டிக்கிட்டு விடிய விடிய கிறிக்கி சுத்திப் பாரு" என்றார். கிறிக்கி என்பது சுழன்று ஆடும் ஆட்டம். அறிவியல் டீச்சர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரும் நான்கு மரத்துண்டுமாக அடர்த்திப் பாடத்தை அங்கேயே நடத்திவிட்டார்.

பணத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், நீ கேட்கக் கூச்சப்படுவாய். ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு மூன்று கலைஞர்களிடம் கொட்டேஷன் வாங்கி வரச் சொன்னார்கள். கூத்து வாத்தியாரிடம் போய் எப்படிக் கொட்டேஷன் கேட்பேன்? கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினேன். பெற்றோரும் பழைய மாணவர்களும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ராத்திரி கூத்தில் அவர் பங்குக்கு வருவதைவிடக் குறையாமல் ஒவ்வொரு நாளைக்கும் கணக்குப் பண்ணி, கவரில் வைத்து, தலைமை ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் நின்று கொடுத்தார். அன்பளிப்பு என்று சொல்லவில்லை, சம்பளம் என்றுதான் சொன்னார். சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

அங்கே பகுதிநேர ஓவிய டீச்சர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரை முதலில் கூப்பிட்டுப் பேசு. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பகுதிநேரமாக எடுத்தார்களே, அதில் வந்தவர்தான் எங்கள் ஓவிய டீச்சரும். நிரந்தரம் இல்லாமலேயே இத்தனை வருடம் ஓட்டுகிறார். வெளியாள் வந்தால் தன் இடம் போய்விடுமோ என்று அவருக்கு ஒரு கலக்கம் இருந்தது. ஆனால் வாத்தியார் வராத நாட்களில் வகுப்பைப் பிடித்து நிறுத்தியது அவர்தான். முகத்தில் பூசும் முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும் பதம் முதற்கொண்டு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பழக்கினார். வாத்தியார் போய்விட்டார், இந்த டீச்சர் இருக்கிறார். பாடம் நிற்பது அவரால்தான்.

உன் ஊருக்குக் கூத்து வேண்டாம். அங்கிருந்து ஆள் தேடி இங்கே வராதே. உங்கள் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, வீட்டில் மராத்தி பேசுவார்கள், கதை சொல்வது தமிழில். ஒரே ஆள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பத்துப் பாத்திரத்துக்குக் குரல் மாற்றுவார். அவர்களில் ஒருவரைப் பிடி. ஒளியும் நிழலும் பாடம் நடத்தும்போது ஆட்டுத்தோல் பாவை ஒன்றையும் விளக்கையும் பிள்ளைகள் கையிலேயே கொடுக்கச் சொல். பாவையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் திரையில் ராவணன் வளருவான், திரையோடு ஒட்டினால் சுருங்குவான். எத்தனை விரற்கடை நகர்த்தினால் எவ்வளவு வளர்கிறான் என்று அளந்து எழுதட்டும். தோலில் ஏன் அத்தனை பொட்டுத் துளை என்று அவர்களாகவே கேட்பார்கள், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அரசுப் பள்ளிகளுக்கு நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிக்கு இதிலிருந்து ஒரு ஐட்டம் எடுக்கலாமே என்று உங்கள் பள்ளியில் கட்டாயம் சொல்வார்கள். இங்கேயும் சொன்னார்கள். 2022-ல் அதைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேடை ஏறியிருக்கிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் போட்டிக்கு ஐந்து பேர் போவார்கள், மீதி முப்பத்தாறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்று நின்றுவிட்டேன். இதற்கு மேடை கிடையாது, கடைசி நாள்கூட வகுப்பறையில்தான். பார்க்க வந்தது அந்த நீர்க்கட்டித் தாத்தாவும் நான்கைந்து அம்மாக்களும். ஆசிரியரும் கூடவே உட்காரவேண்டும், அதையும் விட்டுக்கொடுக்காதே. வெளியாள் வந்துவிட்டார் என்று ரெஜிஸ்டர் எழுதப் போய்விட்டால் எல்லாம் வீண்.

தூர்ந்த மதகைச் சரிசெய்யச் சொல்லி ஏழாம் வகுப்பு கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறது. இன்னும் பதில் இல்லை. கட்டியக்காரப் பையன் தினமும் வந்து கேட்கிறான்.

பங்குனியில் வாத்தியாரின் ஜமா பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கர்ண மோட்சம் ஆடுகிறது. பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணுகிறார்கள். அம்மாவுக்குக் கால் சரியானால் நீயும் வா, இரண்டு நாள் என்னோடு இரு. பெரிய வேஷமெல்லாம் நடுராத்திரிக்கு மேல்தான் வரும், அதனால் மத்தியானமே தூங்கிவிடவேண்டும். உட்காரப் பாய் நான் எடுத்து வருகிறேன், பனிக்குப் போர்த்திக்கொள்ள நீ ஏதாவது கொண்டு வா. என் போர்வை இப்போது ஏழாம் வகுப்பில் திரையாக இருக்கிறது, திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அன்புடன்,
உன் விடுதித் தோழி