ஓடையோரச் சோலைக்கு ஒரு நடைபாதை: நன்கொடை வேண்டுகோள்

குன்னூர் மக்களுக்கும் வெளியூரில் இருக்கும் குன்னூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம் வீடுகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி ஒரு சோலைத் துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. விக்கி, நாவல், காட்டுச் செண்பக மரங்கள் நிற்கின்றன. நீலகிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை காலையில் அங்கே கூவுகிறது. சிம்ஸ் பூங்காவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் இதற்குள் கால் வைத்ததில்லை, வழி இல்லாததால். ஆள் நடமாடாத இடத்தில் குப்பைதான் சேர்கிறது.

எனவே 400 மீட்டருக்கு மூன்றடி அகலத்தில் மண்பாதை போடுகிறோம். சிமென்ட் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். சரிவில் பாதையைக் கெடுப்பது மழைத்தண்ணீர். அது ஓடி வடிய, பள்ளத்துப் பக்கம் இரண்டு அங்குலம் தாழ்த்தி வெட்ட வேண்டும். தண்ணீரைப் பாதையிலிருந்து திருப்பிவிட, பத்து மீட்டருக்கு ஒரு கல்வரிசை பதிக்க வேண்டும். பாதைக்கு நேர்குறுக்கே பதித்தால் தண்ணீர் வேகம் குறைந்து வண்டல் தேங்கும், வரிசை மூடிப்போகும், அடுத்த மழையில் பாதையே வாய்க்காலாகும். ஆகவே சாய்வாக, கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி பதிப்போம். கல்வரிசை ஒன்றுக்கு ரூ.2,000 வீதம் 40 வரிசை. பாதை வெட்டும் கூலி ரூ.90,000.

பாதையோரம் 600 சோலை நாற்றுகள் நடுகிறோம். ஒரு நாற்றுக்கு ரூ.250. இதில் நாற்றின் விலை ரூ.50தான், மீதி, இரண்டு வருடக் களையெடுப்புக்கு. நட்டுவிட்டுப் போகும் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் களையெடுப்பு இல்லாமல்தான் தோற்கின்றன. வெட்டவெளியில் நட்டால் பனிக்கால உறைபனி குருத்தைக் கருக்கிவிடும், ஆகவே நிழல் உள்ள இடங்களில் மட்டுமே நடுவோம். களையாகப் பரவும் உண்ணிச்செடியை (லாண்டானா) மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தலையோடு அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். சீகை எனப்படும் வாட்டில் மரத்தின் கன்றுகளை ஈரமண்ணில் கையாலேயே பிடுங்கலாம். பெரிய சீகை மரங்களைத் தொடமாட்டோம்: 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும், மேலும் அவற்றை வெட்டி ஒரே நேரத்தில் தரையில் வெயில் விழுந்தால் மண்ணில் கிடக்கும் சீகை விதைகள் மொத்தமாக முளைத்துவிடும்.

வேலி கிடையாது. காட்டெருமை போகும் தடம் அது. வளைவுகளில் மட்டும் புதரை ஒதுக்கி, எதிரே நிற்பது தூரத்திலேயே தெரியும்படி செய்வோம்.

ஓடையில் வரும் குப்பையைத் தடுக்கும் கம்பிவலைக்கு ரூ.40,000. ஆக மொத்தம் ரூ.3,60,000. ஒரு நாற்றுக்கோ ஒரு கல்வரிசைக்கோ உங்களால் இயன்றதைத் தாருங்கள். பணம் தர இயலாதவர்கள் ஞாயிறு காலை ஒரு மண்வெட்டியோடு வாருங்கள். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு, செலவுக் கணக்கு மாதந்தோறும் பாதை முகப்பில் ஒட்டப்படும். ஜூன் மழைக்கு முன் கல்வேலை முடிந்தாக வேண்டும், ஆகவே மே 10-க்குள் தொகை கிடைத்தால் பெரிய உதவி.

— சோலைப் பாதைக் குழு, குன்னூர்