கண் வெறும் கேமரா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பில் கண்ணைக் கேமராவுக்கு ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். லென்ஸ் வரையில் அந்த ஒப்புமை சரி. கண்ணின் உட்புறம் ஒளியை உணரும் படலமான விழித்திரைக்கு அப்பால் அது பொருந்தாது. விழித்திரையில் உள்ள நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்றே வகைதான். அவை அனுப்பும் சமிக்ஞைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே மூளை நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளை வேட்டி மஞ்சள் குண்டு பல்பின் கீழும் வெள்ளையாகவே தெரிவதற்குக் காரணம், விளக்கொளியின் சாயலை மூளை கழித்துக்கொள்வதுதான். 2015-இல் இணையத்தில் பரவிய ஓர் ஆடையின் படத்தைச் சிலர் நீலம், கறுப்பு என்றும், வேறு சிலர் வெள்ளை, பொன்னிறம் என்றும் கண்டதற்கு, அந்தக் கழித்தல் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபட்டதே காரணம் எனக் கருதப்படுகிறது. (எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.)

கட்டுரை அறவே தொடாத செய்தி, ஆழம். ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியில் அமைந்த இரு கண்களிலும் விழும் படங்கள் சற்றே வேறுபடுவதையும், அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்வதையும் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-லேயே விளக்கிக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் இது விளங்கும். குழந்தைகளின் மாறுகண்ணைச் சிறு வயதிலேயே கவனிக்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவது, இரு படங்களையும் இணைக்க மூளை பழகும் பருவம் அது என்பதால்தான்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கும்பகோணம்.