விதிவிலக்காகவே வளர்ந்த பொம்பேயுஸுக்கு

அன்புள்ள பொம்பேயுஸ்,

சீசரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரோமின் பெருந்தளபதியான உங்களை மட்டும் 'அவரிடம் தோற்றவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் தோற்றதில் எனக்கு வருத்தம்தான். என் கோபம் வேறு.

கி.மு. 49இல் சீசருக்கு எதிராக, ரோமின் சட்டத்தைக் காப்பாற்றுகிறவராக நீங்கள் படை நடத்தினீர்கள். அந்தச் சட்டம் உங்களை எப்போது கட்டுப்படுத்தியது? எந்தப் பதவியும் வகிக்காத இளைஞராக, இத்தாலியின் பிகேனம் பகுதியில் சொந்த செல்வாக்கில் மூன்று லெஜியன் (ரோமானியப் படைப்பிரிவு) திரட்டிக்கொண்டு, உள்நாட்டுப் போரில் இறங்கியிருந்த தளபதி சுல்லாவிடம் போய் நின்றீர்கள். வெற்றி ஊர்வலம் உங்களுக்குக் கிடையாது என்று அவர் சொன்னபோது, மறைகிற சூரியனைவிட உதிக்கிற சூரியனைத்தான் நிறையப் பேர் கும்பிடுகிறார்கள் என்றீர்களாமே! சுல்லாவிடம் அப்படிப் பேசிவிட்டு உயிரோடு இருந்தவர்கள் குறைவு. (ஊர்வலத் தேரில் பூட்டிய யானைகள் நகர வாசலில் நுழைய முடியாமல் போனதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.) கி.மு. 70இல், 35 வயதில், கீழ்ப்பதவி எதையும் பார்க்காமல் நேராகக் கான்சல், அதாவது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி. ரோமின் மூத்தோர் அவையான செனட்டை நடத்தும் முறையே தெரியாததால் அறிஞரான நண்பர் வார்ரோவிடம் ஒரு கையேடு எழுதி வாங்கினீர்கள்.

திறமை இல்லாமல் இல்லை. மத்தியதரைக் கடலின் கொள்ளையர்களை மூன்றே மாதத்தில் அடக்கினீர்கள். கிழக்கே பொன்டஸ் மன்னர் மித்ரிதாத்தைத் துரத்தினீர்கள். சரி, அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உறுத்துவது கி.மு. 52. அரசியல்வாதி குளோடியஸ் கொலையானதும் அவர் சிதையோடு செனட் கட்டடமும் எரிந்தது. சட்டத்தில் கறாரான செனட்டர் கேட்டோவே சம்மதிக்க, வழக்கமான இருவருக்குப் பதில் தனிக் கான்சல் ஆனீர்கள். தேர்தலில் நிற்பவர் நேரில் வரவேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். வராமலே நிற்க சீசருக்கு ஏற்கெனவே அனுமதி உண்டே என்று நினைவுபடுத்தியதும், பொறித்து முடித்த சட்டத்தில் அவருக்கு மட்டும் ஒரு விலக்கு சேர்த்தீர்கள். அந்த விலக்கு செல்லுமா, செல்லாதா? உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற பெரிய சண்டைகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் போர். அட்ரியாடிக் கடற்கரை நகரமான டிர்ராக்கியத்தில் சீசரை முறியடித்தும் அவர் முகாமுக்குள் நீங்கள் நுழையவில்லை. ஜெயிக்கத் தெரிந்தவன் எதிரியிடம் இருந்திருந்தால் போர் இன்றே முடிந்திருக்கும் என்று சீசரே சொன்னாராம். காத்திருந்து பட்டினி போடும் உங்கள் திட்டம்தான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். கூட இருந்த செனட்டர்கள் விடவில்லை. சீசரின் தலைமைக் குரு பதவி யாருக்கு என்று போருக்கு முன்பே அடித்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் செனட்டை மீறியே ஜெயித்தவர், மீற வேண்டிய அந்த ஒரு நாளில் அவர்கள் பேச்சைக் கேட்டீர்கள். கி.மு. 48 ஆகஸ்டில், கிரேக்கத்தின் பார்சலஸில், உங்கள் படையில் பாதி அளவே இருந்த படையை வைத்துக்கொண்டு சீசர் ஜெயித்தார்.

அதற்குப் பிறகும் எல்லாம் போய்விடவில்லை. கப்பற்படை உங்களிடம் இருந்தது. ஆப்பிரிக்காவில் மன்னர் ஜூபா உங்கள் பக்கம். கேட்டோவும் உங்கள் மாமனார் ஸ்கிபியோவும் அங்கே போய் கி.மு. 46 வரை தாக்குப்பிடித்தார்கள். நீங்களோ, தந்தைக்குச் செய்த உதவியை மகன் நினைத்துப் பார்ப்பான் என்று நம்பி, எகிப்தின் சிறுவயது மன்னன் தாலமியிடம் போனீர்கள். பெலூசியம் கரைக்குப் போகும் படகில் முதலில் குத்திய செப்டிமியஸ், ஒருகாலத்தில் உங்களிடமே சேவகம் பார்த்தவன். ஏன் ஆப்பிரிக்கா போகவில்லை, பொம்பேயுஸ்?