30 நகர்த்தல் விதி பெர்லினைத் தடுக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

சதுரங்கத்தில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று விதி வைத்தால், சில நகர்த்தல்களிலேயே முடியும் குட்டி டிராக்கள் ஒழிந்துவிடும் என்ற கருத்து தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. ஒழியாது. அந்த விதி இருவரும் பேசி முடிக்கும் டிராவுக்குத்தான். ஒரே நிலை மூன்று முறை வந்தால் கேட்கும் டிரா அதில் அடங்காது. கோரிக்கை சரியென்றால் ஆர்பிட்டர் (நடுவர்) மறுக்க முடியாது.

அதற்கென்றே மனப்பாட வழி ஒன்று இருக்கிறது (எழுத்தும் எண்ணும் பலகைக் கட்டத்தின் பெயர்). இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் பி5, குதிரை எஃப்6. இதுதான் பெர்லின் என்ற ஓப்பனிங் (தொடக்க ஆட்டமுறை). வெள்ளை கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்ற), கருப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும். டி4, குதிரை டி6. இங்கே வெள்ளை டி சிப்பாயால் இ5-ஐ வெட்டினால் குதிரை பி5 பிஷப்பை வெட்டும். ஏ4 ஆடி விரட்டியதும் அது டி4-க்குத் தாவும்; அங்கே குதிரைகள் வெட்டுப்பட்டு வெள்ளை ராணி டி4-இல் நிற்கும். கருப்பு டி5, இரண்டு கட்டம் தாவிய அந்தச் சிப்பாயை வெள்ளைச் சிப்பாய் 'போகிற போக்கில்' (என் பாசான்) வெட்ட, கருப்பு ராணி டி6-இல் திருப்பி வெட்டும். பிறகு ராணி இ4 செக், ராணி இ6, ராணி டி4, ராணி டி6, மறுபடியும் அதே. 14-ஆவது நகர்த்தலில் மூன்றாம் முறை. ராணிகளை மாற்றிக்கொள்ள வெள்ளைக்கு மனம் வராது. கருப்பிடம் இரண்டு பிஷப்புகள் இருக்கின்றன.

இதற்காக ஓப்பனிங்கைப் பழிக்க வேண்டாம். 2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக் பெர்லினைக் கையிலெடுத்தார். அந்தத் தொடரில் காஸ்பரோவ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2013 சென்னை உலகப் போட்டியின் 4-ஆவது ஆட்டமும் பெர்லின்தான். ஆனந்த் வெள்ளை. பிஷப்பால் சி6 குதிரையை வெட்டும் பாதையில் போய், ராணிகள் சீக்கிரமே போன பிறகும் 64 நகர்த்தல் வரை இழுத்தது. அதுவும் டிராதான். 14 நகர்த்தலில் முடிவதையும் 64 வரை போராடியதையும் 'சமன்' என்று ஒரே சொல்லில் அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்? ஓப்பனிங் பெயரையும் நகர்த்தல் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள்.

பெங்களூரு வார இறுதிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோருக்கு ஒன்று. மூன்றாம் முறை வரப்போகும் நகர்த்தலைக் காயைத் தொடாமல் தாளில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கை தூக்குகிறார்கள். அப்போது கேட்கும் உரிமை எதிராளியிடம் போய்விடும். நகர்த்தல்கள் தொடர்ச்சியாக வர வேண்டியதில்லை. நிலையும், ஆட வேண்டியவரும், கோட்டை கட்டும் உரிமையும், போகிற போக்கில் வெட்டும் உரிமையும் ஒன்றாக இருந்தால் போதும். கோரிக்கை தவறினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

வெள்ளையில் ஜெயித்தே ஆக வேண்டும் என்பவர் 4-ஆவது நகர்த்தலில் கோட்டை கட்டாமல் டி3 ஆடட்டும்.

சதுரங்க வாசகர்,
அல்சூர், பெங்களூரு