உடைக்குப் பொருந்தாத பொம்மைகள்: காகிதப் பொம்மை மறுபதிப்பு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹாலிவுட் நாயகியர் காகிதப் பொம்மைத் தொகுப்பு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

'வெட்டாத முழுத் தொகுப்பு, பழைய பதிப்புகளின் அதே அளவில்' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி இந்த மறுபதிப்பை வாங்கினேன். பொம்மையையும் உடைகளையும் தாளிலிருந்து வெட்டியெடுத்து, உடையின் ஓரப் பட்டைகளை மடித்துப் பொம்மைமேல் மாட்டி விளையாடும் புத்தகம் இது. பார்சல் நசுங்காமல்தான் வந்தது. கோளாறு புத்தகத்துக்குள் இருக்கிறது.

பொம்மைகளை மட்டும் சுருக்கி அச்சிட்டிருக்கிறீர்கள். உடைகளை அப்படியே விட்டுவிட்டீர்கள். 'கில்டா' (1946) படத்தில் ரீட்டா ஹேவொர்த் அணிந்த கறுப்பு சாட்டின் கவுனை அவர் பொம்மைமேல் வைத்தால் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஜீன் லூயி வடிவமைத்த அந்தக் கவுனுக்குத் தோளில் மாட்டும் பட்டையே கிடையாது. தோளில் மடித்து மாட்ட வழியில்லாததால், பக்கவாட்டு மடிப்புப் பட்டைகள்தான் அதைத் தாங்கியாக வேண்டும். அவையோ பைண்டிங்குக்குள் போய்விட்டன.

தாளின் இரு பக்கமும் அச்சடித்தது இன்னும் மோசம். ஜோன் கிராஃபோர்டுக்கு ஏட்ரியன் 1932இல் வடிவமைத்த, கை முழுக்கச் சுருக்கம் வைத்த வெள்ளை ஆர்கண்டி (மெல்லிய, விறைப்பான துணி) உடையை வெட்டினால், பின்பக்கத்தில் இருக்கும் மர்லின் மன்றோவுக்குத் தலை போய்விடும். பழைய புத்தகங்கள் பலவற்றில் பொம்மை கெட்டியான மேலட்டையில் இருக்கும், உடைகள் உள்ளே மெல்லிய தாளில் இருக்கும். உங்கள் பொம்மையும் அதே மெல்லிய தாள்தான், நிறுத்தினால் வளைகிறது.

உடைகளுக்கான குறிப்புகளையும் யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்' (1953) படத்தில் மன்றோ அணிந்த இளஞ்சிவப்பு உடை வில்லியம் ட்ராவில்லாவின் கைவண்ணம். நீங்கள் எடித் ஹெட் என்று போட்டிருக்கிறீர்கள். உடை வடிவமைப்புக்காக 8 ஆஸ்கர் வாங்கிய அம்மையாருக்கு அடுத்தவர் உழைப்பும் சேர வேண்டியதில்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் பணியாளர், "சேகரிக்கிறவங்க யாரும் வெட்ட மாட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். வெட்டாத பிரதிக்கு மதிப்பே, வெட்டினால் அது முழு விளையாட்டுப் பொருளாகும் என்பதால்தான். இதை வெட்டினாலும் பொம்மை கிடைக்காது, வெட்டாவிட்டால் வெறும் படப் புத்தகம். 'வெட்டிய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்றும் சொன்னார். நான் வெட்டிப் பார்த்தது நகல் எடுத்த தாள்களைத்தான். புத்தகத்தில் கத்தரிக்கோல் படவே இல்லை. ரசீதுடன் பக்கங்களின் படங்களையும் இணைத்துள்ளேன்.

அஞ்சல் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மாற்றுப் பிரதி வேண்டாம், அதுவும் இதே அச்சில்தான் வரும். 'அதே அளவில்' என்ற வாசகத்தையும் விளம்பரத்திலிருந்து நீக்கிவிடுங்கள். பதிலை எழுத்து மூலமாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பக்கங்களின் படங்கள்