ஆண்டு விழா மேடையும் கிண்டலும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழா அழைப்பிதழ் இந்த வாரம் பிள்ளைகள் மூலம் வீட்டுக்கு வந்து சேரும். நேரம், உடை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "பிள்ளைங்க எழுதின தொகுப்புரையில ஜோக்கையெல்லாம் அடிச்சிட்டீங்களாமே சார்?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பரிசளிப்பைத் தொகுத்து வழங்க பிளஸ் ஒன் மாணவர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தோம், ஒரு பையன், ஒரு பெண். எழுதியதும் அவர்களேதான். நன்றாகவே எழுதியிருந்தார்கள், இரண்டு மூன்று இடங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கணக்கில் முதல் பரிசு வாங்கும் மாணவியை மேடைக்கு அழைக்கும் வரி இப்படி இருந்தது: "கணக்கில் நூற்றுக்கு நூறு! சாம்பாருக்கு எத்தனை என்று வருங்கால மாமியார்தான் மார்க் போட வேண்டும்!" மாணவியர் கபடி அணித் தலைவிக்கு, "இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் இப்போதே ஓடப் பழகிக்கொள்வது நல்லது!" இந்த ஆண்டு ஓய்வு பெறும் அறிவியல் ஆசிரியைக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில், "டீச்சர் வாங்கிய சம்பளத்தில் பாதி புடவைக் கடைக்கே போயிருக்கும்!"

மூன்றையும் எடுக்கச் சொன்னேன். இவற்றில் ஆபாசம் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. கல்யாண வீட்டிலும் டிவியிலும் கேட்டு வளர்ந்ததைத்தான் பிள்ளைகள் எழுதினார்கள். ஆனாலும் எடுக்கச் சொன்னேன். அந்தக் கணக்கு மாணவியே சிரித்தாளே என்று கேட்டவர்களும் உண்டு. ஆமாம், ஒத்திகையில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து, கேடயத்துக்குப் பதிலாக நாங்கள் வைத்திருந்த அட்டையை வாங்கி, போட்டோவுக்கு நிற்காமல் அந்தப் பக்கப் படி வழியாக விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். முந்நூறு பேர் சிரிக்கும்போது நடுவில் நிற்கிறவர் சிரிக்காமல் வேறென்ன செய்வார்?

மற்ற மேடைகளில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். 2018 டிசம்பர் 3, பாரிஸ். கால்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலோன் தோர், அதாவது தங்கப் பந்து விருது விழா. ஆண்களுக்கு 1956 முதல் கொடுத்து வருகிறார்கள். பெண்களுக்கு அந்த இரவுதான் முதல் தடவை. வாங்கியவர் நார்வேயைச் சேர்ந்த ஆடா ஹெகர்பெர்க், அப்போது வயது 23, பிரான்ஸின் லியோன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 62 வருடம் கழித்து ஒரு பெண்ணின் கைக்கு அந்தப் பந்து வருகிறது. மேடையில் பேசிய ஹெகர்பெர்க், உலகம் முழுக்க இருக்கும் சிறுமிகள் தங்கள் மேல் நம்பிக்கை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம், தொகுத்து வழங்கிக்கொண்டிருந்த மார்ட்டின் சால்வேக் என்ற டிஜே அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு ட்வெர்க் ஆடத் தெரியுமா?" இடுப்பைக் குலுக்கி ஆடும் ஆட்டம் அது. "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் திரும்பினார் ஹெகர்பெர்க்.

சால்வேக் அன்றே மன்னிப்புக் கேட்டார், அது வெறும் ஜோக் என்றும் விளக்கினார். ஹெகர்பெர்க்கும் பெரிதுபடுத்தவில்லை, அதைத் தொந்தரவாகத் தான் எடுத்துக்கொள்ளவில்லை, விருது வாங்கிய சந்தோஷம்தான் இருந்தது என்றார். சரி, சம்பந்தப்பட்டவரே விட்டுவிட்டார், நாம் ஏன் பேச வேண்டும்? மறுநாள் உலகச் செய்திகளில் அந்த விருது வந்ததை விட அந்தக் கேள்விதான் அதிகம் வந்தது என்பதால் பேச வேண்டியிருக்கிறது. அடுத்த மே மாதம் புடாபெஸ்ட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், பார்சிலோனாவுக்கு எதிராக முதல் அரை மணி நேரத்துக்குள் மூன்று கோல் போட்டார் அதே ஹெகர்பெர்க். கால்பந்து பார்க்காதவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அந்த மூன்று கோலைச் சொல்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பரிசளிப்பில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். நம் பள்ளியில் அதுவும் இல்லை, பெயர் வாசித்து, படி ஏறி, கை குலுக்கி, இறங்கிப் போக அரை நிமிடம். வருடம் முழுக்க உழைத்ததற்கு அவ்வளவுதான் கூலி. அந்த அரை நிமிடத்தில் அவள் போட்ட கணக்கைப் பற்றிப் பேசாமல் அவள் வைக்கப்போகும் சாம்பாரைப் பற்றிப் பேசினால், பரிசைக் கொடுக்கும்போதே அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

பட்டிமன்றத்தில் வராத ஜோக்கா என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பொங்கலன்று காலையில் டிவி முன்னால் உட்கார்ந்து நானும் ரசிக்கிறவன்தான். (மனைவி சமையல், மனைவி ஷாப்பிங் ஜோக்குகள் எனக்கு அலுத்துப்போய்ப் பல காலம் ஆகிறது, அது வேறு.) ஆனால் பட்டிமன்றத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு அணி வாரினால் அடுத்து மைக் எதிர் அணிக்குப் போகும். வாங்கினதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம், நடுவரையே வாரலாம். அவ்வையாரிடம் கம்பர் 'அடி' போட்டு விடுகதை கேட்டார், அவர் 'அடா' போட்டுப் பாட்டாலேயே திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வோம் இல்லையா, அங்கேயும் இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. பரிசு வாங்க வருகிற பிள்ளைக்கு மைக் கிடையாது. இரண்டு கையிலும் கேடயம். எதிரே ஊர். முன்வரிசையில் அப்பா, அம்மா, சில சமயம் தாத்தா, பாட்டி.

ஆண்களையும்தானே கிண்டல் செய்கிறோம் என்ற கேள்வியும் வந்தது. எங்கள் தொகுப்புரையிலேயே சோதித்துப் பார்த்தேன். இயற்பியலில் முதல் பரிசு ஒரு மாணவனுக்கு. அவனுக்கு எழுதியிருந்த வரி, அப்துல் கலாம் வழியில் ராக்கெட் விடப்போகிறவன் என்று. மாமியார் அங்கே வரவில்லை. இதைச் சுட்டிக்காட்டியபோது எழுதிய பையனே தலையைச் சொறிந்தான். கூட எழுதிய மாணவி, "நானும்தான் சார் சேர்ந்து எழுதினேன்" என்றாள். இருவரும் ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான், கேட்டு வளர்ந்ததும் ஒன்றுதான்.

அடுத்து ஆஸ்கர். 2013 பிப்ரவரியில் நடந்த விழாவைத் தொகுத்தவர் சேத் மக்ஃபார்லேன். எந்தெந்த நடிகை எந்தெந்தப் படத்தில் மார்பு தெரிய நடித்தார் என்று பெயர் சொல்லி ஒரு பாட்டே பாடினார். அந்தப் பட்டியலில் இருந்த சில காட்சிகள் பலாத்காரத்துக்கு ஆளான பெண்களைப் பற்றியவை. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு தலைமையாசிரியராக என்னை உறுத்துவது அதே இரவின் இன்னொரு ஜோக். சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் குவென்ஷனே வாலிஸ் என்ற சிறுமி இருந்தாள். வயது 9. அந்தப் பட்டியலில் அதுவரை இடம் பிடித்தவர்களில் அவள்தான் மிகச் சின்னவள். அவள் எவ்வளவு சின்னவள் என்று சொல்ல மக்ஃபார்லேன் எடுத்த அளவுகோல், தன்னைவிட மிகவும் இளைய பெண்களோடு பழகுபவர் என்று பேசப்பட்ட நடிகர் ஜார்ஜ் கிளூனிக்கு இவள் 'வயதாகிப் போனவள்' ஆக இன்னும் 16 வருடம் ஆகும் என்பது. குத்து கிளூனிக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குத்த எடுத்த ஊசி ஒரு ஒன்பது வயதுக் குழந்தை. நம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது.

இதே கிளூனியை வைத்து இரண்டு வருடம் கழித்து இன்னொரு மேடையில் இன்னொரு ஜோக். 2015 கோல்டன் குளோப், ஹாலிவுட்டின் இன்னொரு பெரிய விருது விழா. டீனா ஃபே, ஏமி போலர் என்ற இரண்டு நகைச்சுவை நடிகைகள் தொகுத்தார்கள். கிளூனிக்கு அன்று வாழ்நாள் சாதனையாளர் விருது. பக்கத்தில் அவர் மனைவி அமல், மனித உரிமை வழக்கறிஞர். டீனா ஃபே அமலை அறிமுகப்படுத்துகிறார்: இன்ன பெரிய வழக்கில் வேலை செய்தவர், சிரியா விஷயத்தில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானுக்கு ஆலோசகராக இருந்தவர், காஸா பற்றி விசாரிக்க ஐ.நா. அமைத்த மூவர் குழுவுக்குத் தேர்வானவர். ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, ஆகவே இன்று இரவு வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கப்போவது... இவருடைய கணவர் என்று முடித்தார். அரங்கமே அதிர்ந்தது. கிளூனியும் சிரித்தார்.

கணவன், மனைவி, கேலி, பணக்கார விருந்து, எல்லாம் இதிலும் இருக்கிறது. ஆனால் அமல் செய்த வேலையைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட ஜோக் இது. வேலை தெரியாதவருக்குத்தான் உடம்பும் உடையும் சமையலும் ஞாபகம் வரும். 2024 கோல்டன் குளோபைத் தொகுத்த நகைச்சுவையாளர் ஜோ கோய் சறுக்கியதும் இங்கேதான். கிரேட்டா கெர்விக் இயக்கிய பார்பி, முந்தின வருடம் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம். அவர் அரங்கில் உட்கார்ந்திருக்க, அதைப் பெரிய மார்பு கொண்ட பிளாஸ்டிக் பொம்மையைப் பற்றிய படம் என்று சுருக்கினார். கூட்டம் சிரிக்கவில்லை. எனக்குப் பத்து நாள்தான் கிடைத்தது என்று மேடையிலேயே நொந்துகொண்டார்.

தோழமையில் சொன்னால் தப்பா? 2016இல் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா விழாவில் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான விருதை வாங்கிய ஜென்னி பெவனை, குப்பை மூட்டையோடு தெருவில் திரிகிறவர் போல உடுத்தி வந்திருக்கிறார் என்று விழாவைத் தொகுத்த ஸ்டீபன் ஃப்ரை சொன்னார். இருவரும் நண்பர்கள். பெவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஆஸ்கருக்குக் கருப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய் விருதை வாங்கி வந்தார். பெவனுக்கு அப்போதே அது இரண்டாவது ஆஸ்கர், தாங்குவார். எட்டாம் வகுப்புப் பிள்ளை தாங்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. அதோடு, நட்பு இருவருக்குள் இருப்பது; மைக் மொத்த அரங்குக்கும் கேட்பது.

2022 ஆஸ்கர் மேடையில் விழுந்த அறையைப் பற்றிப் பையன்கள் கட்டாயம் கேட்பார்கள், வீட்டிலும் கேட்கலாம். நோயினால் முடி உதிர்ந்த ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் தலையை நகைச்சுவையாளர் கிறிஸ் ராக் கேலி செய்ததும் தவறு, ஜேடாவின் கணவர், நடிகர் வில் ஸ்மித் மேடையேறி அறைந்ததும் தவறு. ஸ்மித்துக்குப் பத்து வருடத் தடை விழுந்தது. அடுத்த நிமிடமே சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை குவெஸ்ட்லவ் என்பவர் வாங்கினார். யாருக்காவது நினைவிருக்கிறதா?

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது, பள்ளியும் பணியிடம்தான். புடவை ஜோக் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் அத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் அமில நெடியில் நின்று பாடம் நடத்தியவரைப் புடவையோடு முடித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

விழாவில் சிரிப்பே இருக்காதோ என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகள் திருத்தி எழுதிவிட்டார்கள், முன்பைவிட நன்றாக. கணக்கு மாணவிக்கு, "இவர் விடைத்தாளைத் திருத்தியதில் ஆசிரியருக்குச் சிவப்பு மை மிச்சம்!" கபடித் தலைவிக்கு, "ரெய்டு போனால் இவரைப் பிடிக்க ஆளில்லை. காலையில் லேட்டாக வந்தால் பிடிக்க மட்டும் கேட்டில் பி.டி. சார் நிற்கிறார்!" ஆசிரியைக்கு எழுதியதை இங்கே சொல்லமாட்டேன், அவரும் இந்தக் கடிதத்தைப் படிப்பார். என்னைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல மைக் உண்டு.

சிறப்பு விருந்தினருக்கு இதை எப்படிச் சொல்வது என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். பெரிய மனிதரிடம் இப்படிப் பேசாதீர்கள் என்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதனால் பரிசு பெறும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த ஆண்டு என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதி, அந்தப் பட்டியலை அவருக்கு முன்கூட்டியே அனுப்பப் போகிறோம். பேச விஷயம் கையில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் மகளோ மகனோ பரிசுப் பட்டியலில் இருந்தால், அவர்கள் இந்த ஆண்டு பட்ட பாட்டில் ஒன்றை இரண்டு வரியில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எந்தப் பாடம் பிடிபடாமல் அழுதாள், எந்தப் போட்டிக்காக எத்தனை மணிக்கு எழுந்தான், அந்த மாதிரி. "நல்ல பெண், அடக்கமானவள்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்