ஏரியல்ல, எண்ணெய் ஊறிய கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம், ‘பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் ஏரி வற்றுகிறது’ என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. டைனோசர்கள் மக்கித்தான் எண்ணெயானது என்பதும் கூடவே வரும். இரண்டுமே தவறு.

எண்ணெய்க்கு மூலம் பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும்தான். அவை செத்து, ஆக்சிஜன் எட்டாத கடலடிச் சேற்றில் புதைந்தன. ஆக்சிஜன் எட்டியிருந்தால் மக்கி மறைந்திருக்கும். மேலே வண்டல் சேரச் சேரச் சேறு இறுகிக் களிப்பாறையானது. உயிர்ப்பொருள் கெரோஜன் என்ற திடப்பொருளானது. ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மிக நீண்ட காலத்தில், அது உடைந்து எண்ணெயாகும். சூடு போதாவிட்டால் கெரோஜனாகவே நின்றுவிடும், மிஞ்சினால் எரிவாயுவாகிவிடும். உருவான எண்ணெய் மேல்நோக்கிக் கசிந்து மணற்கல், சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில் தங்குகிறது. அதற்கு மேலே உப்புப் படிவமோ நெருக்கமான களிப்பாறையோ மூடியாக அமையாவிட்டால் தரைவரை கசிந்து வீணாகும்.

அந்தக் கல்லிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதுதான் செலவு. இயற்கை அழுத்தம் குறைந்ததும் தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தித் தள்ள வேண்டும். அப்படியும் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. விலை உயர்ந்தால், நேற்றுவரை கட்டுப்படியாகாத எண்ணெயும் இருப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கிணறுகளை நினைத்தபோது மூடித் திறக்கவும் முடியாது. அதனால்தான் 2020 ஏப்ரல் 20 அன்று, தேவை சரிந்து சேமிக்க இடமில்லாத நிலையில், அமெரிக்கச் சந்தையில் விலைக்கு அளவுகோலாக உள்ள டபிள்யூ.டி.ஐ. வகைக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் பெறும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே வாங்குபவருக்குப் பணம் தர வேண்டிய நிலை. 1973-74இல் அரபு நாடுகள் விநியோகத்தைத் தடுத்தபோது இதற்கு நேர்மாறாக, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது.

எண்ணெய் தீர்ந்ததும் காலநிலைப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்ளட்டும். எடை முக்கால் கிலோ. அதில் கார்பன் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலுள்ள 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகிறது. ஆக, லிட்டருக்கு 2.3 கிலோ. உலகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவிடுகிறது. பீப்பாய்க்கு 159 லிட்டர். நிலக்கரியும் எரிவாயுவும் தனி. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எண்ணெய் தீரும்வரை காத்திருக்க வளிமண்டலத்தில் இடமில்லை.

எண்ணெய் விலைச் செய்தியோடு நிலத்தடி ஏரிப் படத்தைப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எண்ணெய் ஊறிய மணற்கல்லின் உருப்பெருக்கிய படத்தையும், லிட்டருக்கு 2.3 கிலோ என்ற கணக்கையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நிலவியல் பயின்ற வாசகர்